டிக்கர்சன் எடுக்கும் புத்தகம்

ஹார்லன் டிக்கர்சன் இரவல் பதிய நீட்டிய மாவட்ட வரலாற்றுப் புத்தகத்தை, நூலகர் ஓடெஸா வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“இத இனிமே உங்களுக்குத் தர முடியாது, மிஸ்டர் டிக்கர்சன்.”

“ஏன் மேடம்? போன தடவ காப்பி கொட்டிட்டேனா?”

“கிண்டல் வேண்டாம். பதினோரு வருஷமா, வருஷத்துக்கு ரெண்டு தடவ நீங்க ஒருத்தர்தான் எடுக்கறீங்க. ஏன்னு நேத்து படிச்சதும் புரிஞ்சுது. ஜெயில் கதவத் திறந்து, ஒரு கறுப்பினப் பையனைக் கொல்ல வந்த வெள்ளைக்காரக் கும்பல் கையில கொடுத்தாரே, இதுல வர்ற அந்த ஷெரிஃப் உங்க தாத்தா.”

“ஆமா.”

“அதை ஊர் படிச்சிடக் கூடாதுன்னு வீட்டுக்குக் கொண்டு போயிடறீங்க.”

டிக்கர்சன் கோபப்படவில்லை. வாசலருகே இருந்த மேசையைக் காட்டினார். நூலகம் கழித்துக் கட்டிய புத்தகங்கள், எதை எடுத்தாலும் ஒரு டாலர் என்று அதில் குவிந்து கிடந்தன.

“ரெண்டு வருஷம் யாரும் எடுக்கலன்னா அங்க போட்டுடுவீங்கல்ல?”

“அது இங்க விதி.”

“இந்த ஊர்ல என்னைத் தவிர ஒருத்தரும் இத எடுக்கல. நானும் விட்டிருந்தா எப்பவோ அந்த மேசைக்குப் போயிருக்கும்.”

ஓடெஸா கணினியில் இந்த ஆண்டு கழிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியலைத் திறந்தாள். வரலாற்று அலமாரித் தட்டில் இந்த ஒரு புத்தகம் மட்டுமே தப்பியிருந்தது.

“உங்க தாத்தா மானத்த வாங்கற புத்தகத்தையா காப்பாத்தறீங்க?”

“அந்தப் பையனுக்குக் கல்லறைகூட இல்ல மேடம். அவன் பேர் இருக்கற ஒரே இடம் இந்தப் புத்தகந்தான்.”