கழற்றி வைத்த ரிலே

ஆரோக்கியராஜ் சாரின் அம்பாசடர் அவருடைய அப்பா ஓட்டியது. ஹாரன் ரிலேவும் அந்தக் காலத்தது, அடிக்கடி மக்கர் செய்தது. மலையிறங்கும்போது எழுபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தாக வேண்டும். அதனால் பழையதைக் கழற்றிக்கொண்டு, வேறொன்றை மாட்டிக் கொடுத்தேன்.

"நாமக்கல் போயிட்டு சாயங்காலம் வாரேன் மேகலா. அதையே சரி பண்ணி வைங்க" என்றார். பின்சீட்டிலிருந்து அவர் மகள் கையசைத்தாள்.

செம்மேட்டுப் பட்டறையில் நான் மட்டும்தான். ரிலேவின் மூடியைத் திறந்து, ஹாரனை அழுத்தும்போதெல்லாம் ஒட்டி ஒட்டிக் கருகிய பாயின்டுகளை உப்புத்தாளால் தேய்த்து மேசைமேல் வைத்தேன். ஒயர் எதுவும் மாட்டவில்லை.

அரைமணி கழித்து, பாயின்ட் 'டக்'கென்று ஒட்டி விலகியது. ஒரு நிமிடத்தில் மறுபடியும். ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு இறங்க ஆகும் நேரம். எண்ணிக்கொண்டே இருந்தேன். முப்பத்தேழாவது தடவை ஒட்டியது விலகவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினால்தான் அப்படி நிற்கும்.

போன் போட்டேன். எடுத்தார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"சோளக்காட்டுலதாங்க. பாப்பா அன்னாசி கேட்டுச்சு, சந்தையில நின்னுட்டோம். இன்னும் ஒரு வளைவுகூட எறங்கலீங்க. இதா, கிளம்பிட்டோம்."

"சார், போகாதீங்க..."

டவர் போய்விட்டது. மறுபடி போட்டேன். கிடைக்கவில்லை.

பைக் சாவியைத் தேடி எடுப்பதற்குள், ஒட்டியிருந்த பாயின்ட் தானாகப் பிரிந்தது.

பிறகு 'டக்'கென்றது. முதல் வளைவு.