ஊருக்கு நடுவே ஒரு புள்ளி

"உங்க கம்பெனிக்கு என் வாசல்தான் கிடைச்சுதா?" கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்தாள் தோன்யா எர்லிந்தா. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவின் மத்தியான வெயிலில், அவளுடைய சின்னச் சாப்பாட்டுக் கடையின் மாமரத்தடியில் பதினேழு மோட்டார் பைக்குகள் நின்றன.

பார்சல் கம்பெனி முதலாளி தோன் எவெனோர் காரிலிருந்து இறங்கி, கூட வந்த யாதெரை முறைத்தார். ஓட்டுநர்களுக்கு வழிகாட்டும் செயலியை எழுதியவன் அவன்தான்.

"இவன்தானா? யார் பெத்த புள்ளையோ, என் உயிரை வாங்குது!" என்றாள் தோன்யா எர்லிந்தா.

"காரணம் சொல்லு. உன் தப்புன்னா இன்னியோட வேலை காலி" என்றார் முதலாளி.

யாதெர் செல்போனை நீட்டினான். "செயலிக்குள்ள லைப்ரரின்னு, வேற யாரோ எழுதிவெச்ச ஒரு நிரல் தொகுப்ப வெச்சிருக்கேன். கஸ்டமர் எழுதின முகவரிய அது எங்கேயோ இருக்கிற ஒரு வரைபடக் கணினிகிட்ட கொண்டுபோய்க் கேட்கும். அட்சரேகைக்கு ஒண்ணு, தீர்க்கரேகைக்கு ஒண்ணுன்னு ரெண்டு எண் வாங்கிட்டு வரும். ரெண்டும் சந்திக்கிற புள்ளிதான் வீடு. ஆனா நம்ம ஆளுங்க எழுதறதப் படிங்க."

முதலாளி படித்தார். 'ஐஸ் ஃபேக்டரி இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் ரெண்டு தெரு, மேலே அரைத் தெரு, பச்சைக் கேட்.'

"சரியாத்தானே எழுதியிருக்காங்க?"

"அந்த ஃபேக்டரி பூகம்பத்துல போச்சு. அப்போ நான் பொறக்கவே இல்ல! 'மேலே'ன்னா சூரியன் உதிக்கிற பக்கம்னு லைப்ரரிக்கு யார் சொல்றது? வெறுங்கையோட திரும்பி வருது. வெறுமையா விட்டா செயலி நின்னுடும். அதான் கிடைக்காத முகவரிக்கெல்லாம் ஊருக்கு நடுவுல ஒரு புள்ளி வெச்சேன். அது இங்க வந்து விழுந்திருக்கு."

"மாத்து. இப்பவே."

"மாத்திடாதீங்க முதலாளி!" பன்றித்தோல் வறுவலை மென்றபடி ஓர் ஓட்டுநர் எழுந்தார். "எங்க நின்னாலும் கஸ்டமருக்குப் போன் போட்டுத்தான் வழி கேட்கிறோம். இங்கன்னா நிழல் இருக்கு, சோறு இருக்கு."

"நாலு மாசமா ஈ ஓட்டிட்டு, போன வாரம்தான் கடைய மூட இருந்தேன். நிம்மதியா மூட விட்டாங்களா படுபாவிங்க?" தோன்யா எர்லிந்தா புலம்பியபடியே இரண்டு வாழையிலைகளைப் போட்டாள். "வந்தது வந்துட்டீங்க, சாப்பிடுங்க."

வேகவைத்த மரவள்ளி, அதன்மேல் மொறுமொறுவென்று வறுவல், அதற்கும் மேல் முட்டைக்கோஸ். முதலாளியின் இலையில் காடியில் ஊறிய வெங்காயம் குவிந்திருந்தது. யாதெரின் இலையில் வெங்காயம் ஒரு துணுக்குகூட இல்லை.

முதலாளி இலையை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"பசங்க வெயில்ல அலையறதுக்கு இது தேவலை. புள்ளி இங்கேயே இருக்கட்டும்" என்றார், விரலை நக்கியபடி.

"வாசல் என்னுது. என்னைக் கேட்க வேண்டாமா?"

"கேட்கிறேன், தோன்யா."

"சாப்பிடாம ஒரு பைக்கும் நிக்கக் கூடாது."

"சரி."

"அப்போ என் வேலை?" யாதெர் மெல்லக் கேட்டான்.

"பொழைச்சே, போ. அந்தப் புள்ளி நகராமப் பார்த்துக்க. சாப்ட்டு முடிச்சிட்டு பஸ்ல வா."

கார் திருப்பத்தில் மறைந்தது. யாதெர் நேராகச் சமையலறைக்குள் போய், எண்ணெய் வடியப் பரப்பியிருந்த தாளிலிருந்து ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தோன்யா எர்லிந்தா கரண்டியால் அவன் கையில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

"யார் பெத்த புள்ளையோன்னு என்னைப் பார்த்தே கேட்டியே, அம்மா!"