ஊறாத விரல்கள்

“கையைக் காட்டு.”

சலவைக்கடையின் பின்னறையில், தொட்டிக்குள் முழங்கை வரை கை விட்டிருந்த இளையவள் நிமிர்ந்தாள். வாசலில் மூத்தவள் நின்றிருந்தாள். அறுவை சிகிச்சை செய்துகொண்ட வலது மணிக்கட்டில் கட்டு; இடது கையில் ஒரு பட்டுச் சட்டை.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்தும் கடை அது. அண்ணன் மனைவி மூத்தவளுக்கு இஸ்திரி, தம்பி மனைவி இளையவளுக்குக் கைத்துவையல் என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இஸ்திரிப்பெட்டி பட்டதும் பழுப்பு ஏறியிருக்கு பாரு. சோப்பே போகலை. மெஷின்ல தூக்கிப் போட்டிருக்கே.”

“இல்லக்கா, கையாலதான் துவைச்சு அலசினேன்.”

“அதான், கையைக் காட்டுங்கறேன்.”

இளையவள் காட்டினாள். மூத்தவள் விரல் விரலாகப் பார்த்தாள். சுண்டுவிரல் ஊறிச் சுருங்கியிருந்தது. மோதிர விரலில், சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் சுருங்கியிருந்தது. மற்றவையெல்லாம் வழவழவென்று இருந்தன. இரண்டு கையிலும் அப்படியே.

“காலையிலேர்ந்து தண்ணியில நிக்கிறவ கையா இது? சுண்டுவிரலை மட்டும் வேலைக்கு அனுப்பினியா?”

இளையவள் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கே புரியலக்கா. தண்ணியிலதான் இருந்தேன்.”

“நான் கையைக் கட்டிட்டு உட்கார்ந்ததும் உனக்குக் குளிர் விட்டுப் போச்சு. நாளையிலேர்ந்து கடைப் பக்கம் வராதே. தனியாப் போறதுன்னாலும் போங்க.”

இளையவள் தொட்டியில் கிடந்த துணிகளை அலசி முடித்துவிட்டுத்தான் போனாள்.

மாலையில், மருத்துவமனையில் பிசியோதெரபி அறை. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் மூத்தவளின் வலது கை விரல்கள் மடங்கி மடங்கி நீண்டன.

“மணிக்கட்டுல ஒரு சின்னச் சந்து இருக்கும்மா,” என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விளக்கிச் சொல்வது அவள் வழக்கம். “கீழே எலும்பு, மேலே கெட்டியான நார். விரலை மடக்கற ஒன்பது தசைநாணும் ஒரே ஒரு நரம்பும் அதுக்குள்ள நெருக்கியடிச்சுப் போகுது. இறுக்கிப் பிடிச்சே வேலை செஞ்சா தசைநாண் வீங்கி நரம்பு நசுங்கும். டாக்டர் மேலே இருந்த நாரை வெட்டி இடம் விட்டிருக்கார்.”

“கூட்டத்துல ஜன்னலைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. ராத்திரி கை மரத்துப் போறதே இல்லை.”

“நல்லது. கையை எடுங்க. ஆகா, அஞ்சு விரலும் சுருங்கியிருக்கே.”

மூத்தவள் தன் விரல்களையே பார்த்தாள். முகம் வாடியது.

“அரை மணியில எனக்கு இப்படி ஊறிப் போச்சு. என் ஓரகத்திக்குக் காலை முழுக்கத் துவைச்சும் சுண்டுவிரலும் மோதிர விரல்ல பாதியும்தான் ஊறியிருந்துச்சு. வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டேன். பன்னெண்டு வருஷமா அக்கா அக்கான்னு சுத்தி வந்தவ. மனசு கேக்கலை. ஆனா கண்ணால பார்த்ததை எப்படி இல்லைங்கறது?”

“ஏன் சந்தேகப்பட்டீங்க?”

“பட்டுல சோப்பு போகலை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல துணியைத் தேய்ச்சுப் பார்த்தா வழுக்கக் கூடாது. வழுக்கினா இன்னும் அலசணும். கையால துவைக்கிறவளுக்கு இது தப்பவே தப்பாது.”

அந்தப் பெண் துண்டை நீட்டியவள் அப்படியே நின்றாள். “துணி பிழியறது யாரு?”

“முன்னாடி ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிச்சு முறுக்குவோம். என் கை மரத்துப் போக ஆரம்பிச்சதும், ‘நீங்க தொடாதீங்கக்கா’ன்னா. ஒரு வருஷமா அவ ஒருத்திதான் பிழியறா.”

பெண் மூத்தவளின் ஈரக் கையைத் துண்டில் பொதிந்து மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

“தண்ணியில விரல் சுருங்கறது தோலோட வேலை இல்லைம்மா, நரம்போட வேலை. சுண்டுவிரலுக்கும் மோதிர விரல் பாதிக்கும் போற நரம்பு வேற. மத்த விரல்களுக்குப் போறது இந்தச் சந்து வழியா போற நரம்பு. அது நசுங்கிட்டா நாள் முழுக்க ஊறினாலும் அந்த விரல் சுருங்காது, துணி வழுக்குதான்னும் தெரியாது. அவங்க கையாலதான் துவைச்சிருக்காங்க. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க, உங்க கைக்குச் செஞ்சதை அவங்க ரெண்டு கைக்கும் செய்யணும்.”