பத்துக்குப் பத்துப் பொருத்தம்

அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங் கார். அதற்குரிய அசல் கார்புரேட்டரை நகுலேஸ்வரன் நோர்வேயில் தேடாத இடமில்லை. இன்று எல்லிங்ஸ்ருட்டில் இருந்த அவரது வீட்டுக் கராஜுக்கு மகள் மயூரா ஓர் இளைஞனையும் ஒரு பெட்டியையும் கூட்டி வந்திருந்தாள்.

“அப்பா, இவர் ஷ்யாம். ஸ்தவாங்கரிலை கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தவர்.”

“தம்பி எந்த ஊர்?”

“மதுரை, அங்கிள்.”

“இந்தியாவோ?” அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“முதல்லை சாமானைப் பாருங்கோவன், அப்பா.”

நகுலேஸ்வரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, பெட்டிக்குள் இருந்த கார்புரேட்டரில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். முகம் விரிந்தது. “எங்கை இருந்து வந்தால் என்ன, நம்பர் பொருந்தினாச் சரி.”

பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது.

“பத்துக்குப் பத்துப் பொருத்தம்! உமக்கு நான் என்ன தரவேணும், தம்பி?”

ஷ்யாம் மயூராவைப் பார்த்தான். “ஒண்ணும் வேணாம், மாமா.”

“வரேக்கை அங்கிள். இப்ப மாமாவோ?”

மயூரா நிலத்தைப் பார்த்தாள். தேநீரோடு வந்த மனைவி சுகிர்தமலர்தான் பதில் சொன்னாள். “என்னைப் போன வருசமே மாமி ஆக்கிப்போட்டார். பிடிக்காட்டி அந்தச் சாமானைக் கழட்டிக் குடுத்துவிடுங்கோ.”

நகுலேஸ்வரன் எஞ்சின் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“பூட்டினதை ஆரும் கழட்டுவினமே? தேத்தண்ணியை முதல் மருமோனுக்குக் குடும்.”