சாட்சிக்கு ஏழு பேர்

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம்தான் இருக்கு! மாப்பிள்ளையைப் பிடிச்சு உக்கார வைங்கடா, எழுந்து ஓடிடப் போறான்!"

கத்தியது மாப்பிள்ளையின் நண்பன், தெருவில் சலூன் வைத்திருப்பவன். பதிவு அலுவலகத்தில் இருந்த ஒரே மின்விசிறியும் அந்தச் சத்தத்தில் ஒரு நொடி நின்று சுற்றியது.

கல்யாணப்பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் பஸ் டிரைவர். காலை டூட்டியை முடித்து, டெப்போவிலேயே உடை மாற்றிக்கொண்டு ஓடி வந்திருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போன கல்யாணம். ஒரு மணிக்குப் பதிவாளர் அறையைப் பூட்டிக்கொண்டு விடுப்பில் கிளம்பினால், திரும்பி வர மூன்று வாரமாகும். இன்னொரு முறை தள்ளிப்போனால் அவள் அழுதே விடுவாள்.

மாப்பிள்ளை எலக்ட்ரீஷியன். தெருவில் அவனுக்குப் பட்டப்பெயர் பவர்கட். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் கிடையாது. சாட்சிக்கு மூன்று பேராவது வருவார்களா என்று நேற்றெல்லாம் அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்தார்களே! மூன்று பேர் கேட்ட இடத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஒருத்தன் நாலு பேனா கொண்டுவந்தான். இன்னொருத்தன் போட்டோ ஒட்டப் பசை கொண்டுவந்தான். சலூன்காரன் காலையிலேயே பவர்கட்டின் வீட்டுக்குப் போய், முடி வெட்டி, முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிறவன் போலக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தான். இப்படிக் கூட்டாளிகள் அமையக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு மனம் நிறைந்துபோனது.

அந்த ஏழு பேரைத் தவிர வந்திருந்த ஒருவர்தான் முட்டுக்கட்டை. தெருமுனை பேக்கரிக்காரர். மனைவி, மூன்று பிள்ளைகளோடு குடும்பமாக வந்திருந்தார். முன்பே எழுதிக் கொடுத்த சாட்சிப் பட்டியலில் முதல் பெயரே அவருடையதுதான்; இனி மாற்ற முடியாது.

"அடையாள அட்டையைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேனேம்மா," என்று கையைப் பிசைந்தார். "மூணு வாரம் கழிச்சு வெச்சுக்கிட்டா என்ன? வெயிலும் கொஞ்சம் தணிஞ்சுடும்."

"இதோ சட்டைப்பையில துருத்திக்கிட்டு நிக்குதே, இது என்னங்க?" என்றாள் அவர் மனைவி.

பேக்கரிக்காரர் அவளை முறைத்த முறைப்பில் ரொட்டியே கருகியிருக்கும். மணப்பெண்ணுக்குச் சுருக்கென்றது. ஊரே சந்தோஷப்படும்போது இந்த மனுஷனுக்கு மட்டும் என்ன வயிற்றெரிச்சல்?

"உங்களுக்கு எங்க மேல என்ன கோபம், சார்?"

"ஐயோ, கோபமெல்லாம் இல்லம்மா. நல்லா இருங்க, நூறு வருஷம் இருங்க. ஆனா இன்னைக்கே வேணுமா? நாளைக்கு ஒரு நாள் போகட்டுமே!"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆபீஸ் லீவு," என்றார் பதிவாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "கையெழுத்துப் போடறீங்களா, நான் கிளம்பட்டுமா?"

பவர்கட் பேனாவை எடுத்தான். பேனா நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுத்தான். மறுபடி நழுவியது. அப்போதுதான் அவன் வலது கை விரல் வீங்கியிருப்பதை அவள் பார்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"நேத்து பிராக்டீஸ்ல கேட்ச் பிடிக்கப் போனேன்."

"போனான். பிடிக்கல," என்றான் சலூன்காரன்.

அவளுக்குப் பதறியது. கோடை முடிகிற ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவே இரண்டு அணியாகப் பிரிந்து கிரிக்கெட் ஆடும். ஒன்றுக்கு சலூன்காரன் கேப்டன், மற்றொன்றுக்குப் பேக்கரிக்காரர். சலூன்காரனின் அணி ஆறு வருஷமாக வரிசையாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. பவர்கட் ராத்திரித் தூக்கத்தில்கூட அதைச் சொல்லிப் புலம்புகிறவன் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள்.

"நாளைக்கு மேட்ச் ஆச்சே! இந்தக் கையோட எப்படி?"

"மேட்ச்சைப் பத்தி நீங்க கவலையே படாதீங்க, அண்ணி," என்றான் சலூன்காரன், பேனாவை நண்பனின் இடது கையில் திணித்தபடி. "எங்களுக்கு மேட்ச் பெருசில்ல. இவன் வாழ்க்கைதான் பெருசு."

அவள் கண் கலங்கிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து, பேக்கரிக்காரரின் முழங்கை பட்டு மேஜை மேலிருந்த தண்ணீர் தம்ளர் சாய்ந்தது. வெள்ளம் பதிவேட்டை நோக்கிப் பாய, சலூன்காரன் தாவிக் குதித்து ஒற்றைக் கையால் அதைத் தூக்கிப் பிடித்தான். மற்ற ஆறு பேரும் விசிலடித்தார்கள்.

பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு இடது கையால் கோழி கிறுக்கியது போல ஒரு கையெழுத்து. பக்கத்தில் அவளுடையது. கீழே சாட்சிகள். பதிவாளர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

அவ்வளவுதான், அறை அல்லோலகல்லோலப்பட்டது. ஏழு பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். பதிவாளரையே ஒருத்தன் கட்டிப்பிடித்தான். சலூன்காரன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே மணப்பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"நீங்க தெய்வம், அண்ணி! ஆறு வருஷம்! இந்த ஒரு கையெழுத்துக்காக ஆறு வருஷம் காத்திருந்தோம்!"

பெஞ்சில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரரை அவள் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். சலூன்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பவர்கட்டைத் தோளோடு அணைத்துக் கூட்டிப்போய், அவர் பக்கத்தில் பத்திரமாக உட்கார வைத்தான்.

"அண்ணே, இனிமே இவன் எங்க பேச்சலர் டீம் இல்ல. நாளையிலேருந்து உங்க கல்யாணம் ஆனவங்க டீம்!"