கோயிலுக்கு வராதவள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. காஜா பெராங் என்ற ஊரில் அப்பாசாமி, தன் மனைவி பூங்காவனத்தோடு வழக்கமாகக் கோயிலுக்குப் போகும் பக்கத்து வீட்டுச் சந்திரமதியை வாசலிலேயே மறித்தார்.

"உள்ளதைச் சொல்லு தங்கச்சி. பூங்காவனத்துகிட்ட என்ன சண்டை போட்ட? மாசக்கணக்கா கோயில் பக்கமே வரமாட்டேங்கிறா."

"நான் ஒரு சண்டையும் போடலண்ணே."

"பொய் பேசாத. கல்யாணமான நாள்லேருந்து வெள்ளிக்கிழமை தவறாம வெளக்குப் போடுறவ. மழை பேஞ்சாலும் திரி நனையாம முந்தானையில மூடிக்கிட்டுப் போவா. நான் வெளியில நின்னு பீடி குடிச்சிக்கிட்டிருப்பேன். அதெல்லாம் உன்னால போச்சு."

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினாங்க. தீட்டு நிக்க மாட்டேங்குதாம். அதான் கோயிலுக்கு வரலை."

"அம்பத்தஞ்சு வயசுல என்ன தீட்டு? அதெல்லாம் எப்பவோ நின்னு போச்சே."

"எங்க பெரியம்மாவுக்கும் இப்படித்தாண்ணே ஆரம்பிச்சது. கர்ப்பப்பை வாயில புத்துநோய். தீட்டுன்னே நெனச்சு ஒதுங்கி இருந்தாங்க. முன்னாடியே கூட்டியாந்திருந்தா கரண்டு வச்சு, அதான் கதிர் பாய்ச்சி, கொணமாக்கியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

அப்பாசாமி நேரே வீட்டுக்குத் திரும்பிப் பூங்காவனத்தின் முன் நின்றார்.

"சேலையை மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பூங்காவனத்துக்கு விஷயம் வெளியாகிவிட்டது புரிந்தது. "ஆஸ்பத்திரிக்காரனைத்தான் நம்பவே மாட்டீங்களே?"

"இப்பவும் நம்பலை. அதான் கூடவே வர்றேன். போற வழியில கோயில்ல நான் வெளக்குப் போடுறேன். நீ வெளியில நில்லு."

"வெளியில நின்னு நான் என்ன பண்ண?"

"இத்தனை வருஷமா நான் என்ன பண்ணேன்? நீ திரும்பி வரணும்னுதானே நின்னேன்."