ஒரு டின் மண்

1958 செப்டம்பர் 7, ஞாயிறு காலை பத்து மணி. சிங்கப்பூர் டன்லப் தெருவில் வடிவேலுவின் அறையைப் பார்க்க வந்த ஆறாவது ஆள் நூருல் அமீன்.

முதல் ஐந்து பேரும் நாயைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார்கள். அது இரண்டு பேர் தங்கும் அறை. மாதக் கடைசிக்குள் இன்னோர் ஆள் வராவிட்டால் நாயை அனுப்பிவிட வேண்டும் என்று வீட்டுக்கார ரத்தினம்மா சொல்லிவிட்டாள்.

நாயின் பெயர் சார்ஜன். லாரியில் அடிபட்டுப் பின்னங்காலில் புண். நாலு வேளை மருந்து போடச் சொல்லியிருந்தார் டாக்டர். வடிவேலுவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. காலையும் மாலையும்தான் போட முடிந்தது.

"நாய் இருக்கு பாய். பரவாயில்லையா?"

அமீன் எட்டிப் பார்த்தார். "நான் ராத்திரி மீ கோரெங் நூடுல்ஸ் வறுக்கிற கடையில நிக்கிற ஆள். பகல்லதான் தூக்கம். குரைக்குமா?"

"குரைக்காது. பேர்தான் போலீஸ் சார்ஜன்."

"அப்ப சரி. நடுவுல ஒரு கோடு போட்டுக்குவோம். அது தாண்டி வரக்கூடாது."

சாக்கட்டியால் அவரே கோடு போட்டார். மறுநாள் ஒரு பிஸ்கட் டின் நிறையச் சுத்தமான மண் கொண்டுவந்து குளியலறையில் வைத்தார்.

ரத்தினம்மா வடிவேலுவைக் கூப்பிட்டாள். "மண்ணு எதுக்குன்னு தெரியுமா? நாயோட எச்சில், ஈரம் பட்டா அவங்க மார்க்கத்துல ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு போட்டுக் கழுவணும். உன் சார்ஜனுக்கு நல்ல மரியாதைதான் லா."

வடிவேலுவுக்கு முகம் சுண்டிவிட்டது. சார்ஜனைக் குட்டைக் கயிற்றில் தன் கட்டில் காலோடு கட்டினான். கோட்டுக்கு இரண்டு முழம் இப்பாலேயே கயிறு முடிந்துவிடும்.

ஒன்றரை மாதத்தில் புண் ஆறியது. சார்ஜன் நாலு காலையும் ஊன்றி நின்றது.

"பார்த்தீங்களா பாய்? ரெண்டே வேளை மருந்துதான். எங்க சார்ஜன் உடம்பு அப்படி."

"கெட்டியான உடம்புதான்," என்றார் அமீன். பிறகு, "தம்பி, வேலை விட்டு வர்றப்ப ஒரு டின் மண்ணு கொண்டாங்க. நல்ல மண்ணா. இருந்தது தீர்ந்துபோச்சு."

வடிவேலுவுக்குச் சுருக்கென்றது. "கட்டித்தானே வெச்சிருக்கேன் பாய். அது ஒருநாளும் கோட்டைத் தாண்டலையே."

"அது தாண்டலை. நான்தான் தாண்டினேன். பகல்ல ரெண்டு வேளை."

வடிவேலு குனிந்து கயிற்றை அவிழ்த்தான்.

மறுநாள் மாலை பஸ்ஸில் ஒரு டின் மண்ணை மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

"என்ன, பூச்செடி வைக்கப் போறியா?" என்றார் கண்டக்டர்.

"எங்க ரூம்காரருக்கு," என்றான் வடிவேலு, நிமிர்ந்து உட்கார்ந்து.

1962 மார்ச் 4-ஆம் தேதி வடிவேலுவும் சார்ஜனும் குவீன்ஸ்டவுனில் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். சாமான்களில் முதலில் உள்ளே போனது மண் டின். அமீன் மத்தியானம் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.